உஷார்! ‘ஃபுட் கிரேடு’ என்று வரும் ஸ்டார்ச் மூட்டை

சாஸ், நூடுல்ஸ், ஐஸ்கிரீம், மிட்டாய், உறைய வைத்த பரோட்டா என்று எதையாவது தயாரித்து விற்கும் சிறு நிறுவனமா உங்களுடையது? தாய்லாந்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ சீனாவிலிருந்தோ ‘மாடிஃபைடு ஸ்டார்ச்’ நேரடியாக வரவழைத்துத் தருகிறேன், உள்ளூர் டீலர் விலையைவிடக் கிலோவுக்குப் பல ரூபாய் குறையும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்களா? முன்பணத்தை அனுப்பிவிடாதீர்கள். இதைப் படித்து முடித்த பிறகு முடிவெடுங்கள்.

நூடுல்ஸில் சேர்க்கும் ஸ்டார்ச், அட்டைப்பெட்டி ஒட்டும் ஸ்டார்ச், காகித ஆலைக்குப் போகும் ஸ்டார்ச் எல்லாமே பார்வைக்கு ஒரே வெள்ளை மாவு. சுங்கத் துறையின் பட்டியலிலும் இவற்றின் மாடிஃபைடு வகைகள் அனைத்தும் 3505 என்ற ஒரே தலைப்பின்கீழ்தான் வருகின்றன. எது வயிற்றுக்குள் போகலாம், எது போகக் கூடாது என்று பிரித்துக் காட்டுவதற்கு மூட்டையின் லேபிள், கூட வரும் காகிதங்கள், ஆய்வகச் சோதனை ஆகிய மூன்றை விட்டால் வேறு வழியில்லை. இந்த மூன்றையும் சரிபார்க்கும் பொறுப்பைச் சட்டம் இறக்குமதியாளரின் தலையில் வைத்திருக்கிறது. விற்றவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். நடுவில் நின்றவர் போன் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார். மாட்டிக்கொள்வது, சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண மரவள்ளி மாவையோ மக்காச்சோள மாவையோ கொதிக்க வைத்தால் கெட்டியாகும். ஆனால் நேரம் போகப் போக நீர் பிரியும். புளிப்புச் சேர்ந்தால் நீர்த்துப்போகும். உறைய வைத்து மறுபடி உருக்கினால் பிரிந்து நிற்கும். தொழிற்சாலைச் சமையலுக்கு இது ஒத்துவராது என்பதால் ஸ்டார்ச்சை அமிலத்தாலோ, நொதியாலோ, சில வேதிப்பொருள்களாலோ பக்குவப்படுத்துகிறார்கள். உணவில் அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு வகைக்கும் ஐ.என்.எஸ். எண், அதாவது உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண், ஒன்று உண்டு. தக்காளி சாஸில் 1422 இருக்கலாம், உறைய வைக்கும் கிரேவியில் 1442 இருக்கலாம், மிட்டாயில் அமிலத்தால் இளக்கிய 1401 இருக்கலாம், வாசனைப் பொடியில் எண்ணெயைப் பிடித்து வைக்க 1450 இருக்கலாம். உணவு மற்றும் வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா நிபுணர் குழு இவற்றை ஆராய்ந்து, எப்படித் தயாரிக்க வேண்டும், எந்த எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. அந்த வரையறைக்குள் தயாரித்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒன்று ‘மாடிஃபைடு ஸ்டார்ச்’ என்ற பொதுப் பெயரில் உள்ளே வரும்போதுதான்.

அப்படி வந்தால் என்ன ஆகும் என்பதைத் தைவான் பார்த்துவிட்டது. 2013 மே மாதம். பபிள் டீயில் போடும் கறுப்பு மரவள்ளி முத்துகள், அரிசிப் பட்டை நூடுல்ஸ், மாவு உருண்டைகள், மீன் விழுதுப் பண்டங்கள் என்று அந்நாட்டின் தெருவோரத் தின்பண்டங்கள் பலவற்றில் மாலெயிக் அமிலம் இருப்பது தெரியவந்தது. மாலெயிக் அன்ஹைட்ரைடு என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைச் சேர்த்து ஸ்டார்ச் தயாரித்திருந்தார்கள். அது தண்ணீர் பட்டதும் மாலெயிக் அமிலமாகிவிடும். பிசினும் பிளாஸ்டிக்கும் செய்யப் பயன்படும் இந்தப் பொருளுக்கு உணவில் சேர்க்க அனுமதி கிடையாது. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. பிறகு எதற்குச் சேர்த்தார்கள் என்றால், மெல்லும்போது கிடைக்கும் அந்த இழுவைக்காக. பண்டம் நெடுநேரம் மிருதுவாக இருக்கும், செலவும் குறையும்.

பழி முதலில் விழுந்தது யார் மேல் என்று பாருங்கள். முத்துகளைச் செய்து விற்றவர்கள் மேல், டீக்கடைக்காரர்கள் மேல். அவர்களில் பலருக்குத் தாங்கள் வாங்கிய மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதே தெரியாது. டன் டன்னாகச் சரக்கு பறிமுதலானது. சிங்கப்பூர் தைவானிலிருந்து வந்த ஸ்டார்ச் பண்டங்களைச் சோதித்துப் பலவற்றைக் கடை அடுக்குகளிலிருந்து எடுக்கச் சொன்னது. ஸ்டார்ச் கலந்த பண்டம் விற்கும் கடைகள், தாங்கள் வாங்கிய ஸ்டார்ச் பாதுகாப்பானது என்று சப்ளையர் கொடுத்த சான்றைக் காட்ட வேண்டும் என்று தைவான் அரசு உத்தரவிட்டது. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2011இல், பானங்களைக் கலங்கலாகக் காட்டும் ஒரு சேர்மானப் பொருளில் பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனம் கலந்திருந்ததாக அதே நாடு அல்லோலகல்லோலப்பட்டிருந்தது. இரண்டு முறையும் கேடு புகுந்த இடம், இறுதிப் பண்டத்தில் ஒரு சிறு பங்காகச் சேரும், யாரும் நின்று கவனிக்காத சேர்மானம்.

நம் பக்கமும் கறை உண்டு. 2007இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கொத்தவரைப் பிசினில் டயாக்சினும் பென்டாகுளோரோஃபீனாலும் இருப்பதாக ஸ்விட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஸ்டார்ச் போலவே உணவைக் கெட்டிப்படுத்தும் பொருள். 2008 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வரும் கொத்தவரைப் பிசினுடன் சோதனைச் சான்று இருந்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது. ஒழுங்காகத் தொழில் செய்த ஏற்றுமதியாளர்களும் சேர்ந்துதான் அந்தச் சுமையைச் சுமந்தார்கள்.

இனி நம் துறைமுகத்துக்கு வருவோம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் சிறு இறக்குமதியாளர்களின் காதில் ஓதப்படும் மிக ஆபத்தான யோசனை இது: “உணவுன்னு போட்டா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்.ஓ.சி., சாம்பிள், லேப்னு இழுக்கும் சார். இண்டஸ்ட்ரியல் யூஸ்னு போட்டுடலாம். அதே கோடுதான், அதே டூட்டிதான்.”

இந்தப் பேச்சைக் கேட்ட இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 3505 தலைப்பு பசைகளும் நொதிகளும் இருக்கும் 35ஆம் அத்தியாயத்தில் வருகிறது. துணி நூலுக்குக் கஞ்சி போடுவதற்கும், காகிதத்துக்கு வலுவூட்டுவதற்கும், டைல்ஸ் ஒட்டும் கலவைக்கும் போகும் ஸ்டார்ச் உண்மையாகவே இதே தலைப்பில் இறங்குகிறது. அதனால்தான் இந்தப் பொய் சுலபமாகத் தோன்றுகிறது. ஆனால் சுங்க ஆவணத்தில் ‘தொழிற்சாலைப் பயன்பாடு’ என்று நீங்களே கையொப்பமிட்டு அறிவித்த சரக்கு, அடுத்த வாரம் உங்கள் சாஸ் ஆலையின் கிடங்கில் இருந்தால் அதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்? ஜி.எஸ்.டி. பில், ஈ-வே பில், லாரி ரசீது எல்லாமே அந்த மூட்டை போன இடத்தைச் சொல்லும். தவறான விவரம் தந்து இறக்கிய சரக்கைச் சுங்கச் சட்டம் 1962இன் 111ஆம் பிரிவின்கீழ் பறிமுதல் செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 25ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற, தரங்குறைந்த, தவறான லேபிளுடன் கூடிய உணவை யாரும் இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது. 67ஆம் பிரிவு, அப்படிச் செய்தவர் சுங்கச் சட்டத்திலும் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்திலும் வரும் தண்டனையோடு இந்தச் சட்டத்தின் தண்டனைக்கும் ஆளாவார் என்கிறது. பாதுகாப்பற்ற உணவால் ஓர் உயிர் போனால் 59ஆம் பிரிவின்கீழ் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

சட்டம் கிடக்கட்டும், சரக்கைப் பாருங்கள். காகித ஆலைகள் வாங்கும் கேட்டயானிக் ஸ்டார்ச் எந்த உணவுப் பட்டியலிலும் இல்லை. அட்டைப்பெட்டிப் பசைக்கான ஸ்டார்ச் கலவையில் போராக்ஸும் காஸ்டிக் சோடாவும் சேர்வது வழக்கம். டைல்ஸ் பசைக்குப் போகும் ஹைட்ராக்சி புரோபைல் ஸ்டார்ச்சும் உணவுக்கான 1440உம் பெயரளவில் உறவுக்காரர்கள். ஆனால் உணவுக்கான வகையில் புரோபிலீன் குளோரோஹைட்ரின் என்ற நச்சு எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரில் பூசப்போகிற பொருளில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? ‘அதே சரக்குதான் சார், லேபிள்தான் வேற’ என்பது பச்சைப் பொய். குழந்தைகள் தின்னும் மிட்டாயில் அந்தப் பொய் போய்ச் சேரும்.

தலைப்பு எண்ணிலேயே இன்னொரு வலை இருக்கிறது. எந்த மாற்றமும் செய்யாத மரவள்ளி ஸ்டார்ச் 1108 தலைப்பில் வரும், மாற்றியமைத்தது 3505இல் வரும், முத்தாக்கிய ஜவ்வரிசி 1903இல் வரும். வரி விகிதங்கள் வேறு வேறு என்பதால் எது குறைவோ அதில் நுழைத்துவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். முன்கூட்டியே வேகவைத்து உலர்த்திய ஸ்டார்ச், அதாவது குளிர்ந்த நீரிலேயே கெட்டியாகும் வகை, பலரை இங்கே சறுக்க வைக்கிறது. ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லையே, இது வெறும் ஸ்டார்ச்தானே என்று 1108இல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 3505 தலைப்பின் வாசகத்திலேயே அந்த வகை உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எஸ்டராக்கிய ஸ்டார்ச்சுக்கு 3505 10 10 என்று தனி எண்ணே உண்டு. ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை.

2011 முதல் சுங்க வரியைக் கணக்கிட்டு அறிவிப்பது இறக்குமதியாளரின் வேலை. கன்டெய்னர் வெளியே வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சாதாரணத் தவறு என்றால் 2 ஆண்டு வரையும், வேண்டுமென்றே மறைத்தது என்றால் 5 ஆண்டு வரையும் திரும்பி வந்து வரி கேட்கச் சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடம் தருகிறது. மறைப்பு நிரூபணமானால் 114ஏ பிரிவின்கீழ் வரிக்குச் சமமான அபராதமும் வட்டியும் உண்டு. ஐந்து வருடச் சரக்குக்கு ஒரே நோட்டீஸ் வந்தால் எந்தச் சிறு நிறுவனம் தாங்கும்? எந்த எண் என்பதில் உண்மையாகவே குழப்பம் இருந்தால், சரக்கை வரவழைப்பதற்கு முன்பே டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பித்து எழுத்தில் பதில் வாங்கலாம். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. நமக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, தட்டுகிறவர்கள்தான் குறைவு.

தாய்லாந்து, வியட்நாம் போன்ற ஆசியான் நாட்டுச் சரக்கு என்றால் சலுகை வரி உண்டு என்பார்கள். உண்மைதான். அதற்கு ‘ஏ.ஐ. படிவம்’ என்ற மூலச் சான்று வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டார் விதிகள். சான்றுக் காகிதம் கையில் இருப்பது மட்டும் இப்போது போதாது. சரக்கு அந்த நாட்டில் எப்படித் தயாரானது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, மதிப்புக்கூட்டல் எவ்வளவு என்ற விவரங்களை இறக்குமதியாளர் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும், 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும், அதிகாரி கேட்டால் கொடுக்க வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி 35 சதவீத மதிப்புக்கூட்டலும், துணைத்தலைப்பு அளவில் எண் மாற்றமும் தேவை. வேறொரு நாட்டில் தயாரான ஸ்டார்ச்சை வாங்கிப் பை மட்டும் மாற்றி, ஆசியான் நாட்டுச் சரக்கு என்று அனுப்புகிறவர் இந்த விவரங்களை எப்படித் தருவார்? விவரம் கேட்டதும் ‘அதெல்லாம் எங்கள் வியாபார ரகசியம்’ என்று நழுவுகிற சப்ளையரை அத்தோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் வாசல். இறக்குமதிக்கு மத்திய உரிமம் வேண்டும். மாநில உரிமத்தை வைத்துக்கொண்டு கன்டெய்னரை வரவழைத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். 2017இன் இறக்குமதி விதிமுறைகள்படி அதிகாரி முதலில் காகிதங்களைப் பார்ப்பார், பிறகு சரக்கைக் கண்ணால் பார்ப்பார், பிறகு சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். சாம்பிள் எடுப்பதற்கு முன்பே, பார்வையிடும் கட்டத்திலேயே சரக்கு நிராகரிக்கப்படலாம். ஆயுள் விஷயத்தைக் கவனியுங்கள்: சுங்கம் கடக்கும் நேரத்தில் மொத்த ஆயுளில் 60 சதவீதம் மீதி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு 3 மாதம் மீதி இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது. விலை சல்லிசாக இருக்கிறதே என்று வாங்கும் சரக்கு, அங்கே கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பழைய சரக்காக இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. தயாரிப்புத் தேதியை ஒப்பந்தத்திலேயே கட்டிப்போடுங்கள்.

லேபிளில் எதை இங்கே வந்து சரிசெய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் உரிம எண்ணும், சைவ அடையாளம் போன்ற சில விவரங்களை மட்டும் சுங்கக் கிடங்கிலேயே ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. தயாரிப்பு எண்ணும் தேதியும் அப்படி இல்லை. அவை மூட்டையில் அச்சாகி வர வேண்டும். ‘அங்க வந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எதற்கு ஸ்டிக்கர் என்று கேளுங்கள். ‘மாடிஃபைடு ஸ்டார்ச்’ என்று மொட்டையாக எழுதிய மூட்டையை ஏற்காதீர்கள். எந்த வகை, என்ன ஐ.என்.எஸ். எண், எந்தப் பயிரிலிருந்து எடுத்தது, உணவில் பயன்படுத்தத் தக்கது என்ற அறிவிப்பு ஆகியவை வேண்டும். கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச் என்றால் ஒவ்வாமை எச்சரிக்கை அவசியம். குளுட்டன் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்த ஒரு வரி உயிர்ப் பிரச்சினை. சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தாலும் அறிவிக்க வேண்டும்.

நிராகரிப்பு வந்துவிட்டால் நிலைமை மோசம். ஒன்று சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு உங்களுடையது. கொடுத்த பணத்தை வெளிநாட்டு சப்ளையர் திருப்பித் தருவார் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. இதற்கிடையே துறைமுகத்தில் சரக்கு தேங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் ஒரு பக்கம், கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் வாடகை இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போகும். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம் தனி. 2024 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தொடங்கிய ‘ஃபிரா’ என்ற தளத்தில், நிராகரிக்கப்பட்ட உணவு இறக்குமதிகளின் விவரம் பிற நாடுகளின் உணவுத் துறைகளும் பார்க்கும்படி வெளியாகிறது. ஒருமுறை ஏறிய விவரம் எல்லோர் கண்ணிலும் படும்.

இவ்வளவுக்கும் தடுப்பு, கப்பல் ஏறுவதற்கு முன்பே உங்கள் கையில் இருக்கிறது. பகுப்பாய்வுச் சான்று, வியாபாரிகள் சொல்லும் ‘சி.ஓ.ஏ.’, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சப்ளையர் அனுப்பும் முதல் சான்றில் பெரும்பாலும் ஈரப்பதம், வெண்மை, பிசுபிசுப்பு, பிஎச் ஆகிய நான்கைந்து எண்கள்தான் இருக்கும். அவை பொருள் நன்றாக வேலை செய்யுமா என்பதைச் சொல்லும். பாதுகாப்பானதா என்பதைச் சொல்லாது. கேட்க வேண்டியது வேறு. கந்தக டை ஆக்சைடு எவ்வளவு? ஜெக்ஃபா வரையறைப்படி தானிய ஸ்டார்ச்சில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், மரவள்ளி, உருளை போன்றவற்றில் 10 மில்லிகிராம்தான் உச்சம். மரவள்ளி ஸ்டார்ச் பளீரென்று வெளுத்திருந்தால் இந்த எண்ணை முதலில் கேளுங்கள். அசிட்டைல் சேர்த்த வகை என்றால் அசிட்டைல் அளவு 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1422 என்றால் அடிப்பேட் 0.135 சதவீதத்துக்குள். 1450 என்றால் ஆக்டெனைல் சக்சினைல் 3 சதவீதத்துக்குள். 1440, 1442 என்றால் ஹைட்ராக்சி புரோபைல் 7 சதவீதத்துக்குள், முன்பு சொன்ன குளோரோஹைட்ரின் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குள். கூடவே ஈயம், ஆர்சனிக், நுண்ணுயிர்ச் சோதனை.

வகைக்கு ஏற்ற சோதனை இல்லாத சான்று வெறும் காகிதம். 1442 என்று எழுதியிருக்கிறது, ஆனால் குளோரோஹைட்ரின் வரியே இல்லை என்றால், அந்த ஆலை இதைச் சோதிக்கவே இல்லை அல்லது சோதித்ததைக் காட்ட விரும்பவில்லை. ‘வழக்கமான மதிப்பு’ என்று தலைப்பிட்டு எண்களை அடுக்கியிருந்தால் அது விளம்பரத் தாள், உங்கள் சரக்கின் சோதனை முடிவு ஆகாது. சான்றில் உள்ள தயாரிப்பு எண்ணும் மூட்டையில் உள்ள எண்ணும் பேக்கிங் லிஸ்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாலெயிக் அமிலச் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தைவானில் நடந்ததற்குப் பிறகும் அதைக் கேட்காமல் வாங்குவது மன்னிக்க முடியாத அலட்சியம் என்றே சொல்வேன். சப்ளையரின் காகிதத்தோடு நிறுத்தாமல், ஏற்றப்போகும் அதே தயாரிப்பிலிருந்து சாம்பிளைக் கூரியரில் வரவழைத்து, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், துறைமுகத்தில் மாட்டிய கன்டெய்னரின் ஒரு நாள் செலவுக்கு ஈடாகுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு மீதிப் பணம். இதை ஒப்பந்தத்தில் எழுத மறுக்கிறவரோடு வியாபாரம் வேண்டாம்.

நான் இறக்குமதி செய்வதில்லை, இங்கேயே டீலரிடம் பத்து மூட்டை வாங்குகிறேன் என்பவர்களே, உங்களுக்குத்தான் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. தொழிற்சாலைப் பயன்பாடு என்று இறங்கிய சரக்கு கடைசியில் வந்து சேருவது உங்களிடம்தான். பையைப் பிரித்து வேறு பையில் மாற்றிய ஸ்டார்ச், லேபிள் கிழிந்த மூட்டை, பில் இல்லாத சரக்கு எதையும் தொடாதீர்கள். உரிமமோ பதிவோ இல்லாதவரிடம் மூலப்பொருள் வாங்கக் கூடாது என்பது உங்கள் உரிமத்திலேயே உள்ள நிபந்தனை. 2022 ஜனவரி முதல் உணவு வியாபாரி தரும் பில்லில் அவருடைய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். எந்த உணவில் எந்த ஐ.என்.எஸ். எண்ணுக்கு அனுமதி என்பதும் பண்டத்துக்குப் பண்டம் மாறும். சாஸுக்கு ஒத்துக்கொண்டது தயிருக்கும் ஆகும் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள்.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்து மரவள்ளி விவசாயிகளையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. 1981இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் அந்த மாவட்டங்களின் வாழ்வாதாரம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வரியைக் குறைத்துக் காட்டியும், பயன்பாட்டை மாற்றிச் சொல்லியும் இறங்கும் ஒவ்வொரு கன்டெய்னரும் அந்தக் கிழங்கின் விலையில் கை வைக்கிறது. நேர்மையாக வரி கட்டி, சோதித்து வரும் இறக்குமதியோடு அவர்கள் போட்டி போடட்டும். பொய்யோடு போட்டி போடச் சொல்வது அநியாயம்.

இன்றே உங்கள் கிடங்குக்குப் போங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஸ்டார்ச் மூட்டையிலும் ஐ.என்.எஸ். எண்ணும் தயாரிப்பு எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், உற்பத்திக்கு எடுக்காதீர்கள். விற்ற டீலரிடம் படிவம் ‘ஈ’ உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். வாங்கும் சரக்கு சட்டப்படியான தரத்தில் இருக்கிறது என்று விற்பவர் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. தர மறுத்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தகவல் கொடுங்கள்.